உள்பக்கப் பிடி

"ரம்பத்தை இப்படிக் கொடுங்கப்பா" என்று அவள் கையை நீட்டினாள்.

அப்பா கொடுக்கவில்லை. தொப்பையனின் இடது கொம்பை ஏற்கெனவே பாதி அறுத்திருந்தார். சட்டை முழுக்கப் பிரம்புத் தூள்.

தொப்பையன், அவள் தம்பி செய்த பூதம். பிரம்புக் கூட்டின் மேல் சாம்பல் நிறத் துணித்தோல் போர்த்திய மலைபோன்ற உடம்பு. கட்டி முடித்த பிறகுதான் அது வாசல் வழியாகப் போகாது என்று தெரிந்தது. ஹாலை அளந்தவன் கதவை அளக்கவில்லை. "போறப்ப பாத்துக்கலாம்க்கா" என்று சிரித்து மழுப்பினான்.

இன்று காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன், போய்விட்டான். அவனைக் கொண்டுவரும் வண்டி கிளம்பிவிட்டது. அவனைப் படுக்கவைக்க ஹாலில் இடம் இல்லை.

"சார், தயவுசெஞ்சு அறுக்காதீங்க" என்றார் தம்பியின் பூதங்களைக் காட்சிக்கு வைக்கும் கேலரிக்காரர். துக்கம் கேட்டு ஓடிவந்தவர், வந்ததிலிருந்து தொப்பையனின் பக்கத்திலேயே நின்றார். "ஜன்னலைப் பேத்து வெளிய எடுத்துடலாம்."

"என் புள்ள வர்ற இடத்துல இது குந்திக்கிட்டிருக்கு. நீங்க ஜன்னலைப் பேக்கச் சொல்றீங்க!"

"இது வெறும் பொம்மை இல்ல சார். அவர் செஞ்ச ஒவ்வொரு பூதமும் அவரோட ஒரு பயம். காது மட்டும் இருக்கே ஒண்ணு, அது போன் அடிச்சா வர்ற பயம். மணிக்கணக்கா எங்கிட்ட சொல்லியிருக்கார்."

அவளுக்குச் சுருக்கென்றது. "உங்ககிட்டயா?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மேடம்."

என்ன தெரியும்? திரைச்சீலைக் கடை வேலை முடிந்து வந்து, இதே ஹாலின் மூலையில் மிஷின் போட்டு, எல்லாப் பூதத்துக்கும் தோல் தைத்தவள் அவள். துணி போதுமா, நூல் எந்த நிறம், இதைத் தவிர அவன் வாயைத் திறந்ததில்லை. "என்னடா மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லக்கா." ஊரானுக்கு மணிக்கணக்கு, அக்காவுக்கு ஒண்ணுமில்ல.

"சரி, இது என்ன பயமாம்?"

"இதை மட்டும் சொல்லல. முடிச்சிட்டுச் சொல்றேன்னார்."

"நல்லாச் சொன்னான்" என்று அப்பா மறுபடி ரம்பத்தை வைத்தார்.

"நிறுத்துங்கப்பா! கூட்டை போல்ட் போட்டுத்தான் முடுக்கியிருக்கான். உள்ள போனா கழட்டிடலாம்."

தம்பியின் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். முதுகில் அவள் தைத்த நீள ஜிப். "பிடி உள்பக்கமா இருக்கணும்க்கா" என்றிருந்தான். "உள்ள வச்சா யாருடா தெறப்பா, உன் தொப்பையனா?" என்று கேலி செய்து, மெத்தையுறைக்கு வைப்பதுபோல வெளியில் வைத்தாள். தைத்து முடித்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்லக்கா" என்றான்.

ஜிப்பைத் திறந்து குனிந்து நுழைந்தாள்.

உள்ளே ஒரு முக்காலி. அதன்மேல், காணவில்லை என்று அவள் வீடெல்லாம் தேடிய மிஷின் நாற்காலியின் மெத்தை. கீழே டீ காய்ந்த கப். ஜிப்பின் பிடியில் அவளுடைய சாம்பல் நூலையே மூன்று இழையாக முறுக்கிக் கட்டி, துணியில் துளைபோட்டு உள்ளே விட்டிருந்தான்.

நூலை இழுத்தாள். ஜிப் மூடிக்கொண்டது. அப்பாவின் குரல் தூரப் போயிற்று.

முக்காலியில் உட்கார்ந்தாள். தொப்பையனின் கண் துளைகள் சரியாக அவள் முகத்துக்கு நேரே இருந்தன. அவற்றின் வழியே ஹாலின் மற்ற பக்கம் தெரியவில்லை, வாசல் தெரியவில்லை. மூலையில் அவளுடைய தையல் மிஷின் மட்டும் தெரிந்தது. ஊசிக்கடியில் பாதி தைத்த திரை.

"இங்க உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தியா? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னடா" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வண்டி வந்துடுச்சும்மா!" அப்பா வெளியிலிருந்து துணியைத் தட்டினார்.

"கழட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசி போல்ட் விட்டதும் கூடு நெகிழ்ந்து, சாம்பல் துணி மெல்ல அவள் தலைமேல் இறங்கியது. அவள் அதை விலக்கவில்லை.