குறுவைக் காரின் நீர்க்கோடுகள்

"அக்கா, இது பூரா வெடிப்பு. தேய்ச்சு எடுத்துட்டுப் புதுசா ஃபைபர் ஒட்டிட்டா, இன்னும் முப்பது வருசத்துக்குக் கவலையே இல்ல."

கல்லூரி ஷெட்டில் சித்தீக் காரின் முன்மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு, கையில் கிரைண்டருடன் குனிந்திருந்தார். அதிராம்பட்டினத்தில் ஃபைபர் படகுகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர். கிரைண்டர் ஒரு முறை உறுமியது.

"ஐயோ, நிறுத்துங்க!"

எழில்மொழி போட்ட சத்தத்தில், காருக்கு அடியில் படுத்திருந்த அவள் கணவன் இளஞ்செழியன் தலையை இடித்துக்கொண்டான்.

"என்ன எழில், பாம்பா?"

"இல்ல செழியா. அந்தக் கோடுகள அழிக்கப் பாத்தார்."

செழியன் வெளியே ஊர்ந்து வந்து பார்த்தான். மூடியின் உட்புறத்தில், இரு பக்கமும் மெல்லிய வரப்புகள் போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள். அவன் முகம் மாறியது. "இன்னும் இருக்கா!" என்றான்.

காரின் பெயர் குறுவை. இருபத்தைந்து வருடங்களுக்கு முன், இதே கல்லூரியில் கடைசி வருடம் படித்த எழில்மொழியும் செழியனும் சோதனைக்காகக் கட்டிய ஸ்போர்ட்ஸ் கார். இடுப்புயரம், இரண்டே இருக்கை, இருக்கைகளுக்குப் பின்னால் இன்ஜின். குறுவை நெல்லைப் போலச் சீக்கிரம் விளைந்தது என்பதால் அந்தப் பெயர். செய்தது ஒன்றே ஒன்று. பரிசு வாங்கியது, பத்திரிகையில் படம் வந்தது, பிறகு கல்லூரி ஷெட்டில் தூசிக்குள் புதைந்தது. இப்போது கல்லூரியில் மக்கள் பார்வைக்கென்று ஒரு கூடம் திறக்கிறார்கள். நடுவில் நிற்கப்போவது குறுவை. அதைப் பழையபடி ஓட வைக்க இருவரும் ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார்கள்.

"வெடிப்பு இல்லன்னா, அப்ப என்னக்கா இது?" என்றார் சித்தீக்.

எழில்மொழி பதில் சொல்வதற்குள் அவள் போன் மினுங்கியது. கூடத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் அனுராதா, காருக்கு முன் வைக்கப்போகும் பலகையின் வாசகத்தை அனுப்பியிருந்தார். 'மூன்று மணிக்கு அச்சுக்குப் போகிறது. சரிபார்க்கவும்.' நான்காவது வரியில் அவள் கண் நின்றது. 'உடற்பகுதிக்கான மாதிரி: கோயம்புத்தூரில் ஒரு தனியார் பட்டறையில் செய்யப்பட்டது.'

அந்த வரி அவள் எழுதியது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில், தன் கையாலேயே டைப் அடித்தது.

உண்மையில் அந்த மாதிரி பிறந்தது பூதலூரில், அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தரிசில். பண்ணையில் கூலி வேலை பார்த்த அவள் அப்பா ரெத்தினம், களிமண்ணோடு வைக்கோலைச் சேர்த்து மிதித்து, செழியனின் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துக் காரின் உருவத்தைப் பிடித்தார். இரண்டு பக்கமும் ஒன்றாக வரவில்லை. செழியன் டேப்பை வைத்து அளக்க அளக்கக் கணக்கு மாறியது. கடைசியில் ரெத்தினம்தான் சொன்னார்: "வயலுக்கு எப்படி மட்டம் பாக்குறோம்? தண்ணியக் கட்டிப் பாருங்க மாப்ள." அப்போது அவன் மாப்பிள்ளை ஆகியிருக்கவில்லை. எழில்மொழிக்கு முகம் சிவந்துபோனது.

மண் காருக்கு மெழுகு பூசி, சுற்றிலும் வரப்புக் கட்டி, ஒவ்வொரு விரற்கடையாகத் தண்ணீர் ஏற்றினார்கள். தண்ணீர் தொட்ட இடத்தில் ரெத்தினம் இரு பக்கமும் ஆணியால் கீறினார். நடுவே கட்டிய நூலிலிருந்து கோடு வரை இரு பக்கமும் ஒரே தூரம் வரும்வரை சுரண்டினார், அப்பினார். அதன்மேல் ஒட்டிய ஃபைபரில் அந்தக் கீறல்கள் பதிந்துபோயின.

தேர்வு நாளில், வெளியிலிருந்து வந்த பேராசிரியர், "மாதிரியை எங்கம்மா செஞ்சீங்க?" என்று கேட்டார். செழியன் வாயைத் திறக்குமுன் அவள், "கோயம்புத்தூர், சார்" என்றாள். சேற்றில் செய்தது என்றால் சிரிப்பார்களோ என்று பயம். கூலிக்காரரின் மகள் என்று தெரிந்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"மாத்தச் சொல்லிடு எழில்," என்றான் செழியன். "ஆனா அன்னிக்குப் பொய் சொன்னோம்னும் சொல்லணும். உன் டீமே வருது."

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் உடற்பகுதி வடிவமைப்புக்கு அவள்தான் தலைவி. பதினெட்டுப் பேர் நாளை மறுநாள் திறப்பு விழாவுக்குப் பஸ் பிடித்து வருகிறார்கள். அப்பாவும் வருகிறார்.

"பொய் சொன்னோம் இல்ல செழியா. சொன்னேன்," என்றாள் அவள், போனை எடுத்து.

அனுராதா அரை மணி நேரத்தில் ஷெட்டுக்கு வந்தார். முழுவதையும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ரிப்போர்ட்ல நீங்களே எழுதியிருக்கீங்க. இப்ப நீங்களே இல்லங்கிறீங்க. எதை நம்பிப் போர்டு வைக்கிறது, சொல்லுங்க?"

சித்தீக், மூடியின் நடுவே பிடிக்கச் சொல்லி ஒரு நூலைச் செழியனிடம் நீட்டினார். டேப்பை எடுத்து ஒவ்வொரு கோடாக அளந்து, சாக்பீஸால் தரையில் எழுதினார். பதினொரு கோடுகள். இடமும் வலமும் அச்சு அசலாக ஒன்று. ஆறாவதில் மட்டும் வலப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் கூடுதல்.

"மேடம், நான் இருபது வருசமா படகு பாக்குறேன். அச்சுல வார்த்த படகுலயே இந்த நேர் வராது," என்றார். "பட்டறைக்காரன் எவனும் தண்ணியக் கட்டிக் கோடு போட மாட்டான். இது விவசாயி வேலைதான்."

அனுராதா குனிந்து ஒரு கோட்டின்மேல் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. ஃபைபருக்குள் ஒரு வைக்கோல் துணுக்கு, பொன்னிறம் மாறாமல் சிக்கியிருந்தது.

"அப்பா பேருக்கு இனிஷியல் என்னங்க?" என்று கேட்டார்.

திறப்பு விழா அன்று செழியன் ஓட்ட, குறுவை ஷெட்டிலிருந்து கூடம் வரை தன் இன்ஜினிலேயே போனது. மாணவர்கள் விசில் அடித்தார்கள். முன்மூடியைத் திறந்தே நிறுத்தி, கோடுகள்மேல் விளக்குப் போட்டிருந்தார்கள். வெள்ளை வேட்டியில் வந்த ரெத்தினம் பலகை முன் நின்று, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

"மாதிரி செய்தவர்... பூதலூர் மா. ரெத்தினம்." மகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் பாப்பா, கோயம்புத்தூர் என்னாச்சு?"

"அப்பா... உங்களுக்குத் தெரியுமா?"

"பரீட்சை அன்னிக்கு வண்டியத் தள்ளிவிட வந்து பின்னாலதானே நின்னேன். நீ சொன்னது காதுல விழுந்துச்சு. புள்ளைக்கு மார்க் வேணும்ல, போகட்டும்னு விட்டேன்." பலகையைத் தடவினார். "இது நல்லாருக்கு."

அவள் குழுவினர் சுற்றி நின்றார்கள். ஒருத்தி மெதுவாக, "மேடம், சார் யாரு?" என்றாள்.

"எங்க அப்பா," என்றாள் எழில்மொழி, கூடம் முழுக்கக் கேட்கும்படி. "எனக்கு முன்னாடியே கார் பாடி டிசைன் பண்ணவர்."

ரெத்தினம் அதற்குள் மூடிக்குள் தலையை நீட்டியிருந்தார்.

"மாப்ள, ஆறாவது கோட்டுல வலப்பக்கம் ஒரு நெல்லளவு ஏறிக்கிச்சுன்னு அன்னிக்கே சொன்னேன். நீங்க காதுலயே வாங்கல."

"மாமா, எல்லார் முன்னாடியுமா!" என்றான் செழியன்.

ஓரமாக நின்ற சித்தீக் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.