சூடு ஆறட்டும்

பழம் உலர்த்தும் மின்பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்த டேப் சுருளை அவள் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா அடுப்படிக்குள் வந்துவிட்டாள்.

"ஏண்டி, கூடத்துல கட்டின மனுஷன் பொணமாக் கெடக்கான். நீ இங்க பழம் காய வச்சிட்டிருக்கியா?"

"பழம் இல்லக்கா."

"பின்ன என்ன, உன் புருஷன் சாக்ஸா?"

"டேப்பு. பழசாச்சுன்னா ஈரம் குடிச்சு பிசுபிசுத்துடும். இளஞ்சூட்டுல காய வைக்காம ஓட்டினா பூச்சு உரிஞ்சு பாட்டு பூராத் தூளாப் போயிடும். அவர்தான் சொல்லிக் குடுத்தார்."

"அதை இன்னிக்குத்தான் காய வைக்கணுமா?"

"இன்னிக்குத்தான். அவன் வர்றான்ல."

அவன் யாரென்று அக்காவுக்குத் தெரியும். சுவரெல்லாம் முகம் ஒட்டப்பட்ட ராக் குழுவின் பாடகன். ஊரே முணுமுணுக்கும் அந்தப் பாட்டின் நடுவில் வரும் கிட்டாரை வாசித்தவன் என்று பெயர் வாங்கியவன்.

உண்மையில் வாசித்தது கூடத்தில் கிடந்த அவள் கணவர். குழுவின் ஒலிப்பதிவாளர், 'காது' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். பதிவு நாளன்று பாடகனுக்குக் குடியில் விரல் வளையவில்லை. காது கண்ணாடி அறையிலிருந்து எழுந்து போய்க் கிட்டாரை வாங்கி வாசித்துவிட்டு வந்தார். இசைத்தட்டின் உறையில் தன் பெயரையும் ஒரு மூலையில் போடச் சொல்லிக் கேட்டார். அதோடு சரி, எந்த ஸ்டுடியோவும் அவரைக் கூப்பிடவில்லை. மிச்ச காலமெல்லாம் அடுத்தவர் வீட்டு ரேடியோவைப் பிரித்து மாட்டியே போயிற்று.

"விடு, பாட்டு நல்லா வந்துச்சுல்ல" என்பார். அவள் விடவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. டேப் ஓட ஆரம்பித்தால், அவர் சொல்லும்வரை யாரும் நிறுத்தக் கூடாது. இருமல், வசவு, நாற்காலி இழுபடும் சத்தம் எல்லாம் பதிவாகும். அன்று பாடகன் சொன்னதும் பதிவாகியிருந்தது: "காது, நீயே வாசிச்சுடுய்யா. யாருக்குத் தெரியப் போகுது?"

வாசலில் ஆரவாரம் கேட்டது. கறுப்புக் கண்ணாடியோடு வந்த பாடகன், உடலின் காலடியில் விழுந்து சத்தமாக அழுதான். அழுகை ஓய்ந்ததும் அவளைத் தேடி வந்தான்.

"அண்ணி, அண்ணன் போயிட்டாரே. நான் அநாதையாயிட்டேன் அண்ணி."

"உட்காருங்க."

"அண்ணன்கிட்ட அந்தப் பாட்டோட முதல் டேப் இருந்துச்சுன்னு சொல்வாங்க. கம்பெனியில இருந்ததெல்லாம் எரிஞ்சு போச்சு. ஒரு ஞாபகத்துக்கு எனக்குக் குடுத்தீங்கன்னா..."

"தாராளமா. அதுதானான்னு ஓட்டிப் பாத்துட்டே எடுத்துட்டுப் போங்க."

கணவரின் வேலை அறைக்குக் கூட்டிப்போய், பாட்டின் பெயர் எழுதிய அட்டைப் பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே அவள் காலையில் மாற்றி வைத்த, காய வைக்காத பழைய சோப்பு விளம்பரச் சுருள் இருந்தது. அவன் கதவைச் சாத்திவிட்டு, தானே மெஷினில் மாட்டி, பொத்தானை அமுக்கினான்.

மெஷின் கிறீச்சிட்டது. ஒரு சொல்கூட வரவில்லை. பழுப்புத் தூள் கொட்டியது. சுருள் சிக்கி நின்றது.

"ஐயையோ! போச்சே அண்ணி!"

"போச்சா?"

"மொத்தமாப் போச்சு. இனிமே யாராலயும் கேட்க முடியாது."

அவள் அவன் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து காதோரம் வரை ஏறியிருந்தவை மெல்ல இறங்கின.

"சரி விடுங்க. வெளியில புத்தகக்காரப் பொண்ணு கேமராவோட நிக்குது. உங்க அண்ணனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க."

குழுவின் எந்தப் பாட்டு எந்த அறையில் பதிவானது, யார் எதை வாசித்தார்கள் என்று வரலாறு எழுதிக்கொண்டிருந்தவள் அந்தப் பெண். மாதக்கணக்காக வந்து காதைக் கேள்வியால் துளைத்திருந்தாள். நடு கிட்டாரைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதை அவனையே கேளும்மா" என்று சிரித்துவிடுவார்.

இப்போது அவனையே கேட்டாள்.

"அந்த நடு கிட்டார் வாசிச்சது நீங்கதானா சார்?"

"வேற யாரு? அண்ணன் பொத்தானை அமுக்கினார், நான் வாசிச்சேன். அவருக்குக் கிட்டாரைப் பிடிக்கவே தெரியாது, பாவம். ஆனா தங்கமான மனுஷன்."

பெண் கேமராவைத் தாழ்த்தப் போனாள்.

"நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே" என்றாள் அவள், பெண்ணின் பின்னாலிருந்து.

அவன் இன்னும் பேசினான். அன்று எந்த விரலில் காயம், எப்படி ரத்தம் வந்தது, காது எப்படிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார் என்றெல்லாம் சொன்னான். கூட்டத்தில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். அவன் முடித்துக் கைகூப்பிய பிறகுதான் அவள் தலையசைத்தாள்.

அடுப்படிக்குப் போய் மின்பெட்டியை அணைத்தாள். காற்றாடியின் முனகல் நின்றது. சுருளை இரண்டு கையாலும் எடுத்து, அவருடைய துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தாள்.

உடலை வண்டியில் ஏற்றினார்கள். பாடகன் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"கை என்ன அண்ணி இவ்ளோ சூடா இருக்கு? காய்ச்சலா?"

"அடுப்படியில வேலை இருந்துச்சு. முன்னாடி ஏறுங்க. அவர் பக்கத்துல நீங்கதான் இருக்கணும்."

அவன் ஏறிக்கொண்டான். அக்கா படியில் நின்று கூப்பிட்டாள்: "எங்கடி போறே? வண்டி கிளம்பப் போகுது!"

"வந்துட்டேன்க்கா. ஒரு நிமிஷம்."

வேலை அறையில் புத்தகக்காரப் பெண் மெஷினையும் தூளையும் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"எல்லாம் போயிடுச்சாம்மா?"

"சோப்பு விளம்பரம் போயிடுச்சு. நம்மது அடுப்படி அலமாரியில இருக்கு."

பெண்ணுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் மெஷின் பக்கம் நகர்ந்தாள். "ஓட்டலாமா?"

"ஆறட்டும். நானும் போயிட்டு வந்துடுறேன்."

கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து, மெஷினில் டேப் உரசிப் போகும் இடத்தை அவர் துடைப்பதுபோல் ஒரே திசையில் துடைத்தாள். பழுப்பாக வந்தது. எறிந்துவிட்டு இன்னொன்று எடுத்தாள். வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. பஞ்சு வெள்ளையாக வரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.