நாற்பது சிவப்புத் துணிகள்

நாற்பதாவது சிவப்புத் துணியை இறக்கைக் கம்பியில் முடிந்துவிட்டுக் கீழே இறங்கினேன். யானையைக் கட்டியிருந்தாலும் நின்றிருக்கும், அப்படி ஒரு முடிச்சு.

விமானப் பட்டறையில் இறக்கைக்குத் துணி தைப்பவள் நான். கம்பிகளைச் சோதிப்பதும் நான்தான். நைந்த கம்பியில் சிவப்புத் துணி கட்டுவோம். கட்டிய கையே அவிழ்க்க வேண்டும். அதுவரை விமானம் எழும்பக் கூடாது. போன வருடம் மைதானத்தில் பறந்து காட்டும் நாளன்று ஒன்றைக் கட்டிவிட்டு, மாற்றுக் கம்பி எடுக்கப் போனேன். திரும்புவதற்குள் விமானியான என் தம்பி அதை ஓட்டிக்கொண்டு மேலே போய்விட்டான். முதலாளியின் கையில் கத்தரி. புல்லில் என் துணி, முடிச்சு அவிழாமல். பெரிய மனிதர்கள் பார்க்கும்போது கந்தல் தொங்கினால் அவருக்குக் கௌரவக் குறைச்சலாம். இறக்கை குடை மாதிரி மடங்கியது.

மறுநாள் பத்திரிகையில் முதலாளி சொன்னார்: விமானி வித்தை காட்டிச் செத்தான். ஊரே தம்பியைக் காறித் துப்பியது. நான் வேலையை விடவில்லை. விட்டால் அவர் பக்கத்தில் எப்படி நிற்பது?

அதன்பிறகு ஒரு விமானம்கூட விற்கவில்லை. இன்று புது விமானியோடு தானே ஏறிப் பறந்து காட்டுவதாக முதலாளி அறிவித்திருந்தார். லட்சம் பேர் கூட்டம். சரி, இரண்டாயிரம். பேச்சுக் குழாயில் முழங்கிவிட்டு வந்தவர் படியில் கால் வைத்ததும் நின்றார்.

"என்னம்மா இது, கொடித் தோரணமா?"

"நைஞ்ச கம்பிங்க, முதலாளி."

"நாப்பதுமா?"

"எல்லாம் இல்ல. எதுன்னு எனக்குத்தான் தெரியும்."

உண்மையில் ஒன்றுகூட நையவில்லை. அவர் செத்து எனக்கென்ன லாபம்? அவர் வாய் எனக்கு உயிரோடு வேண்டும்.

"அவுத்து விடு."

"அவுக்கிறேன். போன வருஷம் வெட்டினது யாருன்னு அந்தக் குழாயில ஒரு தடவ சொல்லிடுங்க."

"வேலை போயிடும், பாத்துக்க."

"தாராளமா. இல்லன்னா கத்தரி தர்றேன், நீங்களே வெட்டிட்டு ஏறுங்க. பழக்கந்தானே?"

புது விமானி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். விமானத்தின் முன்விசிறியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, என் பக்கத்தில் நின்றான். கூட்டம் கைதட்டிப் பார்த்தது, பிறகு விசிலடித்தது, பிறகு அடங்கியது. முதலாளியின் மீசையிலிருந்து குடம் குடமாக வியர்வை கொட்டியது.

குழாய் மெல்ல அவர் வாய்க்குப் போனது. அதன் அகன்ற முனை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியது. அவருடைய மூச்சு மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது.