வண்டிக்கு விட்ட இடம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தோசைக்காகக் காத்து நின்றபோது கிடைத்தது. திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் சாலையோரம் ஒரு தள்ளுவண்டிக் கடை. தோசை ஊற்றிய பெண்மணி என்னை நிமிர்ந்து பார்த்து, "சார், கொஞ்சம் அந்தாண்ட நவுருங்க. மாட்ட மறைச்சிக்கினு நிக்கிறீங்க" என்றார். திரும்பிப் பார்த்தேன். மதிலில் ஆளுயர மாடு ஒன்று, வண்ணத்தில்.

அன்றே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: 'நகரம் என்பது முடிவுறாத ஓர் ஓவியம், அதன் ஒவ்வொரு சுவரும்—' எனக்கே கொட்டாவி வந்தது. அடுத்தது: 'கன்னிகா தூரிகையை எடுத்தபோது கீழ்வானம் சிவந்து—' சுத்தப் பொய். மாட்டை வரைந்த அவள் தன் ஊரான நகரியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேரவே ஒன்பது மணி ஆகும்.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

2

கன்னிகாவுக்கு இருபத்தொன்பது வயது. சுவரில் படம் வரைவது தொழில். (அவள் ஓவியம் படித்த கதையை ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அதில் எதற்கெடுத்தாலும் அழுதாள். அவள் அழுகிற ஆளே இல்லை.) நகரை அழகுபடுத்தும் அலுவலகம்* ஒன்று அவளிடம் நாற்பதடி மதிலை ஒப்படைத்தது. வரைய வேண்டிய படத்தையும் அச்சடித்தே கொடுத்துவிட்டது. தலைப்பு: கிராமத்து வாழ்க்கை. கிணறு, மாடு, தென்னை, நடுவில் இடுப்பில் குடத்தோடு ஒரு பெண்.

"எங்க ஊர்ல எல்லார் வூட்லயும் மோட்டார்தான் சார் கீது" என்று பொறியாளர் பிரவீனிடம் சொல்லிப் பார்த்தாள்.**

"மோட்டார் படத்துக்கு நல்லா இருக்காது" என்றார் அவர்.

* எந்த அலுவலகம் என்று தேடாதீர்கள். கதைக்காக நானே திறந்தது.

 ** பிரவீனிடம் பேசியது தெலுங்கில். அவள் குரல் எனக்குத் தமிழில்தான் கேட்கிறது.

3

குடத்துப் பெண் வரவேண்டிய இடத்துக்கு நேர் முன்னால், மதிலை ஒட்டி, ஷோபாவின் வண்டி நின்றது. புத்தூர்க்காரி. ஆறு வருடமாக அங்கேதான் தோசைக்கடை. வண்டியை நகர்த்தச் சொல்ல வாய் வராமல், கன்னிகா மதிலின் இரு ஓரங்களிலிருந்து வரைய ஆரம்பித்தாள். காலையில் ஷோபாவிடமே சாப்பிட்டாள். நான்காம் நாள் படம் இரண்டு பக்கமும் நடுவை நெருங்கியபோது பிரவீன் வந்தார். வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். படத்தை மறைக்கிறது, அதனால் வண்டி இனி இங்கே நிற்கக் கூடாது என்றார்.

அவர் போனதும் ஷோபா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ வரையற பொம்பள தண்ணி எடுக்கணும்னு நான் எடத்த வுட்டுப் போவணுமா? இன்னாம்மே நாயம் இது?"

"நான் சொல்லலக்கா."

"நீ சொல்லல. வரையற இல்ல?"

கன்னிகா கையிலிருந்த பாதித் தோசையைத் தட்டில் வைத்தாள்.

(கிராமத்திலிருந்து வந்து பிழைப்பவர்களை விரட்டிவிட்டு நகரம் தன் சுவரில் கிராமத்தை வரைந்துகொள்வதைப் பற்றி இங்கே நாலு பக்கம் எழுதக் கை அரித்தது. ஷோபா ஒரே கேள்வியில் கேட்டுவிட்டதால், எனக்கு வேலை இல்லாமல் போயிற்று.)

4

மறுநாள் கன்னிகா சாக்பீஸோடு வந்தாள்.

"அக்கா, அப்டியே நில்லு. அசையாத."

வண்டியைச் சுற்றி, குடையைச் சுற்றி, ஷோபாவைச் சுற்றி மதிலில் கோடு இழுத்தாள். கோட்டுக்கு வெளியே கிணறு இந்தப் பக்கம், மாடு அந்தப் பக்கம், மேலே தென்னை ஓலை. கோட்டுக்குள் வெறும் வெள்ளை. வண்டி நின்றால், கிணற்றடியில் ஒருத்தி தோசை ஊற்றுகிறாள். வண்டியை எடுத்தால், கிராமத்தின் நடுவில் ஓட்டை.

பிரவீன் ஒரு போன் போட்டால் போதும், திருப்பதியில் மட்டுமல்ல, சித்தூரிலும் அவளுக்கு இனி சுவர் கிடைக்காது. அது தெரிந்தேதான் வரைந்தாள்.

வெள்ளிக்கிழமை ஷோபா பயந்துபோய் வண்டியைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அதிகாரி வந்து இறங்கினார். ஓட்டையைப் பார்த்த பிரவீனின் முகம் சுவரின் வெள்ளைக்கு வந்தது.

"என்ன இது?" என்றார் அதிகாரி.

"படத்துல கொஞ்சம் முனைக்குப் போயிருக்குது சார். கூப்ட்டா வந்துடும்" என்றாள் கன்னிகா.

என் முதல் பிரதியில் அதிகாரி சீறினார், கன்னிகாவின் வேலை போனது, நானும் இரண்டு நாள் சோகமாக இருந்தேன். ஆனால் நடந்தது அது இல்லை. காலையிலிருந்து ஏழு சுவர் பார்த்திருந்த அதிகாரிக்கு நல்ல பசி.

"கூப்பிடு" என்றார்.

ஷோபா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கோட்டுக்குள் நின்றாள். படம் முழுசாயிற்று. அதிகாரி மூன்று தோசை சாப்பிட்டார், போட்டோ எடுத்துக்கொண்டார், மறுநாள் அது பேப்பரிலும் வந்தது. அதற்கப்புறம் வண்டியை யாரும் போகச் சொல்லவில்லை.

5

இங்கேயே முடித்துவிடலாம் என்று பேனாவை மூடினேன். ஷோபா விடவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கன்னிகாவுக்குப் போன் செய்தாள்.

"வரவன் போறவன்லாம் போட்டோ எடுக்கறான்மே. லெஃப்ட்ல நவுரு, குடைய சாய்க்காத, நாளைக்கிப் பச்சப் பொடவ கட்டிக்கினு வான்றான். வெயிலு மூஞ்சில அடிச்சாலும் நெழலுக்கு நவுர முடியல. நான் நிக்கணும்னுதான கேட்டேன்? ஆணியடிச்சி வெக்கவா சொன்னேன்?"

"கோவமாக்கா?"

"கோவம் இல்ல. நீ எனக்கோசரம்தான் பண்ண. ஆனா நான் ரேணிகுண்டா ரோட்டுக்குப் போறேன். அங்க சொவரே இல்ல."

போனை வைத்ததும் கன்னிகாவுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் வெட்கம். அப்புறம் அடக்க முடியாத சிரிப்பு. இந்த வரிசையை மாற்றி எழுதிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை.

6

பிரவீன் கூப்பிட்டார். ஓட்டை அசிங்கமாக இருக்கிறது, உடனே வந்து குடத்துப் பெண்ணை வரைந்து மூடு என்றார்.

கன்னிகா பெயின்ட் டப்பாக்களோடு போய் இறங்கினாள். வெள்ளைக்குள் ஒரு கொய்யாப்பழ வண்டி நின்றுகொண்டிருந்தது. நாகேந்திரன் என்று பெயர் சொன்னார்; நடுவயது, நல்ல தொந்தி. வண்டி ஷோபாவுடையதைவிட நீளம். பாதிக் கிணறு மறைந்திருந்தது. மாட்டின் முகத்தைக் குடை மூடியிருந்தது.

"நீதாம்மா இத வரைஞ்சதா? வண்டிக்குன்னே எடம் வுட்டு வெச்சிக்கிறாங்கன்னு சொன்னாங்க, அதான் வந்தேன்" என்றவர், மதிலை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "கொஞ்சம் அகலமா வுட்டிருக்கக் கூடாதா?"

முடிவு இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் குடத்துப் பெண் வருகிறாள், நாகேந்திரன் போகிறார், கன்னிகாவுக்கு அடுத்த சுவர் கிடைக்கிறது. இன்னொன்றில் அவள் வெள்ளையை அகலமாக்குகிறாள். கிணறு போகிறது, மாடு போகிறது, வருடத்துக்கு ஒரு வண்டியாகச் சேர்ந்து மதில் முழுக்க வெள்ளையாகி, அதன் முன்னால் ஒரு சந்தையே நடக்கிறது. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே அதை நம்ப முடியவில்லை. தூரிகையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நழுவலாம் என்று பார்த்தேன்.

அதற்குள் கன்னிகா பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, ஒரு நுனியை நாகேந்திரனிடம் நீட்டிவிட்டாள்.

"இதப் புடிண்ணா. எத்தினி அடின்னு பாப்போம்."

மூடுவதற்கா, அகலமாக்குவதற்கா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. அளவு இரண்டுக்கும் வேண்டும்.