கச்சான் முழுங்கிய பதில்

ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் கட்டிய மனைவியின் குரலைப் பூனைக்குத் தின்னக் கொடுத்த மனிதர் சாய்ந்தமருதில் ஒருவர்தான். அவர் தையல்காரக் காலிதீன்.

அது எண்பத்திரண்டாம் ஆண்டு. அவருடைய மனைவி ஹாஜறா குவைத்துக்குப் போய் இரண்டு வருடம் முடியப் போகிறது. அங்கே ஒரு அரபி வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை. கூரைக்கு ஓடு போட்டதும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஓடு போட்டாயிற்று. ஓட்டுக்குக் கீழே இருப்பது காலிதீனும், ஒரு தையல் மிசினும், கச்சான் கடலைக் கோது நிறத்தில் ஒரு பூனையும். பிள்ளை இல்லாத வீட்டில் ஹாஜறா தூக்கி வளர்த்த பூனை அது. பெயரும் கச்சான்.

"அந்தக் காலத்துல பாலைவனத்துல தனிய நிண்ட ஹாஜறாட பேர வெச்ச பொம்புளைய நான் பாலைவனத்துக்கு அனுப்பியிருக்கப்படாது" என்று துணி தைக்க வருகிறவர்களிடம் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் போன பிறகு மிசின் மட்டும் சத்தம் போடும்.

ஹாஜறா கடிதம் எழுத மாட்டாள். கசெட்டில் கதைத்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள். காலிதீனும் கதைத்து அனுப்புவார். ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரே கேள்வி: "எப்ப வாறாய்?" ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "இன்ஷா அல்லாஹ்."

பெருநாளுக்கு முதல்நாள் வந்த கசெட்டை அவர் உடனே போடவில்லை. பெருநாள் காலையில் குளித்து, புதுச் சாறன் உடுத்து, அத்தர் பூசிக்கொண்டுதான் போட்டார். கசெட்டுக்கு அத்தர் மணக்காது என்பது அவருக்கும் தெரியும்.

முதல் பாதி முழுக்கப் பூனைக் கதை. "மச்சான், குர்பான் எலும்பு கச்சானுக்குப் போட்டிராதீங்க, தொண்டையில குத்தும். அலுமாரிக்குள்ள துணிக்குப் பூச்சி வராம வெச்ச பூச்சி முட்டைய உருட்டி விளையாடும், கவனம். ஊசி, நூலெல்லாம் பெட்டிக்குள்ள போட்டு மூடுங்க. சீனவெடி சத்தத்துக்கு ஓடிரும், கதவச் சாத்துங்க."

அவள் சொல்லுமுன்னே எல்லாவற்றையும் அவர் செய்து முடித்திருந்தார். தரையில் ஒரு நூல் துண்டு கிடையாது. பிறகு ஹாஜறாவின் குரல் தாழ்ந்தது. "மச்சான், நீங்க கேட்டதுக்கு இண்டைக்கு நேராச் சொல்றன்..."

கர்ர்ர்.

கசெட் ரேடியோ நாடாவைத் தின்னத் தொடங்கிவிட்டது. கசெட்டை வெளியே இழுத்தார். குடல் சரிந்ததுபோல நாடாவும் கூடவே வந்தது. பென்சிலைக் கொடுத்துச் சுற்ற உட்கார்ந்தபோது பள்ளிவாசலில் தக்பீர் உரத்துக் கேட்டது. தொழுகைக்கு நேரமாகிவிட்டது. நாடா தொங்கத் தொங்க மேசையில் வைத்துவிட்டு ஓடினார்.

திரும்பி வந்தபோது கச்சான் மேசைக்குக் கீழே வாயைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைவாயில் இரண்டு விரல் நீளத்துக்கு மண்ணிற நாடா தொங்கியது. மிச்சம் உள்ளே. எலும்பு, பூச்சி முட்டை, நூல், வெடி எல்லாம் சொன்ன ஹாஜறா, தன் குரலை மூடி வைக்கும்படி சொல்லாமல் விட்டுவிட்டாள்.

வட்டிலப்பத்தோடு வந்த பக்கத்து வீட்டுச் சுபைறா பார்த்துவிட்டு, "என்ன காக்கா, சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? புடிச்சி இழுங்க!" என்றாள்.

தொங்குகிற நூலைக் கண்டால் இழுக்கிற கை அவருடையது. விரல் நாடாவைத் தொட்டும்விட்டது. கச்சான் 'ம்' என்று ஒரு சத்தம் போட்டது. கையை எடுத்துவிட்டார்.

"மாட்டாசுபத்திரிக்குக் கொண்டு போங்க."

"பெருநாள் லீவு புள்ள."

"அப்ப காரைதீவுக்குப் போங்க. கனகரெத்தினம் ஐயா வீட்டுல இருப்பார். அவருக்கு என்ன பெருநாள்?"

கச்சானைப் பன் புல்லில் இழைத்த பைக்குள் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டு, சைக்கிளில் கொழுவிக்கொண்டு போனார். வழியில் எதிர்ப்பட்டவர்கள் பெருநாள் ஸலாம் சொன்னார்கள். சிலர் பைக்கு வெளியே நீட்டிய தலைக்கும் சொன்னார்கள். அவர் சிரித்தார், அன்றைக்குத்தான் சிரிப்பதற்கு இவ்வளவு பாடுபட்டார்.

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் கனகரெத்தினம் வாசலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். "என்னடாப்பா, பெருநாளும் அதுவுமா? இறைச்சிப் பங்கு எண்டெல்லே நினைச்சன். பைக்குள்ள உயிரோட இருக்கு!"

"ஐயா, பெண்டாட்டி சொன்னத பூனை தின்னிட்டு."

"குடுத்து வெச்சவன். எனக்கு இந்த வயசிலயும் ஒரு பூனை அகப்படயில்ல." சொல்லிக்கொண்டே பூனையின் வாயைத் திறந்து நாக்குக்கு அடியில் பார்த்தார். "இழுத்தியா?"

"தொட்டன். இழுக்கல்ல."

"புண்ணியம். சட்டைக்குச் சுருக்கு வைக்கிறதெப்பிடி? நூல ஓட்டிப்போட்டு ஒரு முனைய இழுப்பாய். துணி சுருங்கி வரும். அதுதான் குடலுக்கும். இன்னும் இழுத்தா நூல் துணிய அறுக்கும்."

காலிதீன் தன் வலது கையைப் பார்த்தார். அந்தப் பெருநாளுக்கு மட்டும் எத்தனை பிள்ளைகளின் சட்டைக்குச் சுருக்கு வைத்த கை அது!

"நாக்கில மாட்டயில்ல. தானாப் போக விடு. எண்ணெய் பருக்காத, சுவாசத்துக்குள்ள போயிடும். திண்டதச் சத்தி எடுத்தா, தின்னாமக் கிடந்தா உடன கொண்டா. வெட்டித்தான் எடுக்கோணும்."

"பிழைக்குமா ஐயா?"

"பாப்பம்."

"நீங்களும் அவளப் போலதான் கதைக்கிறீங்க" என்றார் காலிதீன்.

மூன்று நாள் அவர் கடை திறக்கவில்லை. குர்பான் இறைச்சியும் வட்டிலப்பமும் வந்து வந்து மூடியபடி கிடந்தன. ஒரு பூனையின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு பெருநாள் கொண்டாடினார். "நீ போனா அவ எதுக்கு வருவா, சொல்லு" என்று அதனிடம் கேட்டார். கச்சான் கண்ணை மூடிக்கொண்டது.

மூன்றாம் நாள் பின்னேரம் மணல் குவியலில் எல்லாம் வெளியே வந்தது. கச்சான் மீன் கேட்டுக் கத்தியது. காலிதீன் முதலில் அழுதார். பிறகு, சொன்னால் வெட்கம், அந்த நாடாவைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொடியில் காயவைத்து, ஒட்டிப் போட்டுப் பார்த்தார்.

"நேராச் சொல்றன்... கர்ர்ர்ர்ர்... கச்சானுக்குப் பால் வையுங்க. ஸலாம்."

அன்றே ஒரு கசெட்டில் நடந்ததையெல்லாம் கதைத்தார். ஹாஜறா சிரிக்கட்டும் என்று சுபைறாவைப் போலவும் ஐயாவைப் போலவும் குரல் மாற்றினார். முடிவில் தன் குரலில் சொன்னார்: "நீ என்ன சொன்னாய் எண்டு எனக்குத் தெரியா. திருப்பிச் சொல்லு. இன்ஷா அல்லாஹ் எண்டு மட்டும் சொல்லாத."

பதில் வர இரண்டு மாதம் சென்றது. கச்சானைக் குசினிக்குள் விட்டுக் கொண்டியைப் போட்டுவிட்டுக் கசெட்டைப் போட்டார். ஹாஜறா நிறையச் சிரித்தாள். கச்சான் சாப்பிடுகிறதா என்று நான்கு தரம் கேட்டாள். பிறகு தூரத்தில் ஒரு சின்னக் குழந்தை எதையோ கேட்டு அழுதது.

"மச்சான், கச்சான் முழுங்கினதுக்குள்ள ஒண்டுமில்ல. நேராச் சொல்றன் எண்டு துவங்கிப்போட்டு அதிலயும் இன்ஷா அல்லாஹ் எண்டுதான் முடிச்சன். இப்பதான் உண்மையச் சொல்றன். நான் வரல்ல. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வெச்சிட்டன். இஞ்ச புள்ள பெத்தவள உட்டுட்டு என்னத்தான் உம்மா எண்டு கூப்புடுது."