கூட்டம் கலைந்துவிட்டதாகச் சொன்னார்கள்

சிவசண்முகம் கலெக்டர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே பாளையங்கோட்டை மைதானத்து உடற்பயிற்சிக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். அவரோடு சேர்த்து ஐந்து பேர். எல்லோரும் அறுபதை ஒட்டியவர்கள். முன்னால் நின்று விசில் ஊதுகிறவர் பாக்கியசீலன், பழைய டிரில் வாத்தியார். சிவசண்முகத்துக்குப் பக்கத்தில் எப்போதும் நூர்முகம்மது நிற்பார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். குனிந்து காலைத் தொடச் சொன்னால் இருவருக்கும் முழங்கால்தான் எட்டும். அதற்கே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். ஆறு வருடம் இப்படிப் போயிற்று.

தொண்ணூற்றாறு கார்த்திகையில் ஒருநாள், கைகளைத் தூக்கிய சிவசண்முகம் அப்படியே மண்ணில் சாய்ந்தார். மாரடைப்பு. நண்பர்கள்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்து வீடு திரும்பியதும் பாக்கியசீலன் பார்க்க வந்தார்.

“மைதானத்துல ஏதோ கட்டட வேலை நடக்கு அண்ணாச்சி. யாரையும் உள்ள விடல. நம்ம கூட்டமும் கலைஞ்சு போச்சு.”

இரண்டு மாதம் வெளியே நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சிவசண்முகம் போய்ப் பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் நால்வரும் வீட்டுக்கு வந்தார்கள். அவர் மனைவி ராஜராஜேஸ்வரி போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே, உடற்பயிற்சி இல்லாமல் முட்டு பிடித்துக்கொண்டதாக நூர்முகம்மது சொல்வார்.

“வீட்டுக்குள்ளயாவது பைய நடவும் வே” என்று சிவசண்முகம்தான் தேற்றுவார். தான் விழுந்ததில்தான் எல்லோருக்கும் மனசு விட்டுப்போயிற்றோ என்றுகூட வருத்தப்பட்டார்.

டாக்டர் சொன்ன கெடு முடிந்த தை மாதம் சேரன்மகாதேவியில் மச்சினர் வீட்டுக் கல்யாணம். மனைவி முந்தின நாளே போய்விட்டாள். இவர் காலையில் பஸ் ஏறினார். வழியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தருகே பஸ் நின்றபோது விசில் சத்தம் கேட்டது. அந்த ஊதலை எங்கே கேட்டாலும் அவருக்குத் தெரியும். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். நால்வரும் நின்றிருந்தார்கள். நூர்முகம்மதுவுக்குப் பக்கத்தில், சிவசண்முகம் நிற்கும் இடத்தில், மப்ளர் கட்டிய யாரோ ஒரு புது ஆள்.

இறங்கிவிட்டார்.

அவர் வருவதைக் கண்டதும் பாக்கியசீலன் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“எங்கிட்டப் பொய் சொல்லணும்னு டாக்டரா சொன்னாரு?” என்றார் சிவசண்முகம்.

“இல்ல அண்ணாச்சி. கூட்டம் நடக்குன்னு தெரிஞ்சா நீங்க வீட்டுல இருக்க மாட்டீங்க. ஒங்களுக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா…”

“எனக்கு ஆயிரும்னு பயமா, ஒங்க கண்ணு முன்னால ஆயிரும்னு பயமா?”

நூர்முகம்மது தரையைப் பார்த்தபடி சொன்னார்: “கண்ணு முன்னாலதான் வே. அன்னைக்கு ஆட்டோவுல ஒம்ம தலை எம்மடியில கெடந்துச்சு. அப்புறம் எனக்குச் சரியா உறக்கமே இல்ல.”

“அதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா? வாராவாரம் எம்வீட்டுக் காப்பியக் குடிச்சிட்டு, முட்டு வலிக்குன்னீரே வே!”

அதற்கு மேல் அங்கே நிற்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

அந்த ஞாயிறு நால்வரும் வந்தார்கள். “தூங்குதாங்கன்னு சொல்லிரு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, உள்ளறையில் விழித்தபடி படுத்திருந்தார். மறுநாள் பழைய மைதானத்துக்குப் போனார். அங்கே ஒரு செங்கல்கூட இறங்கியிருக்கவில்லை. தனியாக ஒரு சுற்று, மெதுவாக நடந்தார். தினமும் நடந்தார்.

பத்து நாள் கழித்து நூர்முகம்மது வந்து நின்றார்.

“நானும் இங்கனயே வந்துரட்டுமா வே?”

“மைதானம் எல்லாருக்கும் பொதுதானே” என்று சொல்லிவிட்டு சிவசண்முகம் நடந்தார். நூர்முகம்மது பத்தடி தள்ளிப் பின்னால் வந்தார். சிவசண்முகம் திரும்பிப் பார்க்கவில்லை.