மாப்பிள்ளைச் சலுகை

நாற்பத்தேழாவது புகாரைப் படிக்கும்போது தராசுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் குடித்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆள்காட்டி விரலைச் சுழற்றினார், மேலே போ என்று. படித்தாள். “இந்த கேமைச் செய்தவருக்கு மனிதர்கள் மீது என்ன கோபம்?” நாற்பத்தெட்டு. “முதல் வாசல் காவலனிடமே பதினெட்டு முறை செத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்தவர்கள் சொல்லுங்கள்.” மேசையைச் சுற்றி நாற்பது பேர். ஒருவன் நகத்தைப் பார்த்தான், ஒருத்தி காலிக் கோப்பைக்குள் பார்த்தாள். இன்னும் எத்தனை தாள் அவள் கையில் இருக்கிறது என்று மட்டும் எல்லோரும் ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. நின்றுகொண்டே படித்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

தராசு என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். எரிந்துபோன ஒரு ராஜ்ஜியம், அதில் ஓநாய்கள், சூனியக்காரிகள், கூலிப்படைகள் என்று போகும் அந்த வீடியோ கேமில், யார் யாரை எவ்வளவு வேகமாக அடிக்கலாம், எத்தனை அடியில் சாகலாம் என்று எடை போடுவது அவள் வேலை. லேசாக இருந்தால் ஆடுகிறவன் கொட்டாவி விடுவான். கனமாக இருந்தால் மூடிவைத்துவிட்டுப் போய்விடுவான். இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு இடம் இருக்கிறது. அதில் மூன்று வருடமாக நடந்துகொண்டிருந்தாள். இதற்கு மேல் முதலாளிக்கு ஒரு பிடிவாதம்: சண்டை நிஜமாக இருக்க வேண்டும். மந்திரவாதி ஆகாயத்தில் பறக்கட்டும், ஆனால் கத்தி கத்தியாக இருக்க வேண்டும். தொடையில் குத்து வாங்கியவன் அடுத்த நிமிடம் மான் மாதிரி ஓடக் கூடாது.

அந்தப் பிடிவாதம் அவளுக்கும் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் அவரைவிட அவளுக்குத்தான் அது அதிகம் பிடித்திருந்தது. அவளும் அக்காவும் ஒரே வாடகை வீட்டில் இருந்தார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவில் நர்ஸ். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தராசு பிடித்துக்கொள்வாள். கை மணிக்கட்டு முறிந்தவனால் எதையாவது தூக்க முடியுமா? விலாவில் அடி பட்டவன் எத்தனை படி ஏறுவான்? குத்து வாங்கினவன் உடனே கத்துவானா?

“கத்த மாட்டான். சட்டை போச்சேன்னு பாப்பான்” என்றாள் அக்கா. “இதெல்லாம் கேட்டு என்னடி பண்ணப் போற? யாரையாவது போடப் போறியா?”

அப்போது இருவரும் சிரித்தார்கள். அக்கா சொன்னது அத்தனையும் கேமுக்குள் போயிற்று.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், மாப்பிள்ளைச் சலுகை என்ற ஒன்று இல்லாமல் இருந்திருந்தால். அது தராசு வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்த கதை. முதலாளி முதன்முதலாக கேமை ஆடிப்பார்க்க உட்கார்ந்தார். ஒரு சாதாரண ஓநாய் அவரை நாலு தடவை கடித்துக் கொன்றது. ஐந்தாவது தடவை கன்ட்ரோலரைச் சுவரில் அடித்தார். ஓநாயைச் செய்தவன் அன்று மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் அங்கிருந்த புரோகிராமர் ஒருவர் பதினோரு வரி எழுதிச் சேர்த்தார். முதலாளி தன் பெயரில் உள்ளே நுழைந்தால் போதும், எதிரி எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் கை தளர்ந்துவிடும். ஓங்கிய வாள் அரை விநாடி அந்தரத்தில் யோசிக்கும். விழுகிற அடி பூ விழுந்த மாதிரி விழும். பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை விழுந்து விழுந்து கவனிப்பதுபோல ஓநாயும் பூதமும் அவரைக் கவனித்தன. அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு கழிவறை எந்தப் பக்கம் என்று காட்டும்போதே இதையும் காதோடு சொல்லிவிடுவார்கள். தெரியாதவர் ஒரே ஒருவர்தான்.

அந்தப் பதினோரு வரியில் ஒரு கோளாறு இருந்தது. அவருக்கு விழும் அடியின் கனம் அதை எழுதிய நாளிலேயே ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. கேமில் என்ன கூட்டினாலும் அவருக்கு மட்டும் ஏறாது. மாதத்துக்கு ஒருமுறை ஆடிப்பார்ப்பார். “சப்புன்னு இருக்கும்மா. நிஜமாவே இல்ல. இன்னும் கடுமையா வை” என்பார். தராசு கூட்டுவாள். அடுத்த மாதமும் அதே சப்பு. சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று முகத்தைத் தூக்குவார். மறுபடி கூட்டுவாள். இப்படி எட்டு முறை. அந்த ஆணியைப் பிடுங்கியிருக்கலாம்தான். பிடுங்கிய அன்றைக்கு அவர் தோற்பார், கன்ட்ரோலர் சுவருக்குப் போகும், யாரோ ஒருவர் வீட்டுக்குப் போவார். அந்த ஒருவராக இருக்க நாற்பது பேரில் யாரும் தயாராக இல்லை. தராசும்தான். தன் எடைக்கல்லை அவள் தானே கெடுத்துக்கொண்டாள், தெரிந்தே, எட்டு முறை. அந்தப் பங்கை அவள் முதலாளியைத் தவிர யாரிடமும் மறைத்ததில்லை, தன்னிடமும்.

வெளியாட்கள் இருநூறு பேருக்கு கேமைக் கொடுத்துப் பார்த்தபோது அதன் பலன் தெரிந்தது. அவர்கள் மாப்பிள்ளைகள் இல்லை. வாசலிலேயே செத்து விழுந்தார்கள். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. தான் ஊதித் தள்ளிவிடுகிற காவலன் இவர்களை எப்படிக் கொல்கிறான்? ஆகவே கடுமையாக வைக்கச் சொன்னதில் தப்பில்லை, எடை போட்டவளிடம்தான் தப்பு என்று முடிவு கட்டினார். அதன் பிறகுதான் அந்தக் கூட்டம், அந்தத் தாள்கள். கடைசித் தாள் முடிந்ததும் அவர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார், “நிஜம் நிஜம்னு மூணு வருஷமா கத்துறேன். இவங்களுக்கு நிஜம்னா ஆளைச் சித்திரவதை பண்றது.” கேமின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலிலிருந்து அவள் பெயர் இருந்த வரியை அங்கேயே, எல்லோரும் பார்க்கும் பெரிய திரையில், தானே அழித்தார். நாளையிலிருந்து புகார்களைப் பிரித்து அடுக்குகிற வேலை என்றார். அவர் போன பிறகு சிலர் அவள் தோளைத் தட்டினார்கள். ‘அதுதான் மாப்பிள்ளைச் சலுகை சார்’ என்று அவரிடம் ஒரு வாய்கூடச் சொல்லவில்லை.

அவளே சொல்லியிருக்கலாம். அன்று இரவெல்லாம் அதைத்தான் நினைத்துப் பார்த்தாள். சொன்னால் நம்பமாட்டார். நிரூபித்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போடுவார், இரண்டு பேர் வேலை போகும், விஷயம் அறைக்குள்ளேயே செத்துவிடும். அவள் படித்தது நாற்பது பேருக்கு முன்னால். அறைக்குள் முடிகிற எதுவும் அதற்கு ஈடாகாது. இவருக்குச் சொல்லக் கூடாது, ஊட்ட வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதும் மனசு அமைதியாகிவிட்டது.

அக்கா ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தட்டைக் கழுவியபடி, திரும்பாமல் சொன்னாள், “ஒருவாட்டி உக்காந்து அழுதுடு. அழுதா இறங்கிடும்.”

“எனக்கு இறங்க வேண்டாம்க்கா.”

பத்தாவது நாள் கேமின் முதல் பகிரங்கக் காட்சி. நகரத்தின் பெரிய அரங்கம், முந்நூறு நாற்காலி, முன்வரிசையில் பணம் போடுகிறவர்கள். முதலாளியே மேடையில் நின்று ஆடிக் காட்டப் போகிறார். அந்த யோசனையும் அவருடையதுதான். புகார் செய்கிறவர்களின் வாயை அடைக்க, எப்படி ஆட வேண்டும் என்று உலகத்துக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். மேடைக்குப் பின்னால் வயர்கள் சுருண்டு கிடந்த ஒரு சின்ன அறையில் தராசு காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்தாள். அவளை வேலையிலிருந்து மாற்றியவர்கள் அவள் கடவுச்சொல்லை மாற்ற மறந்திருந்தார்கள். பதினோரு வரியும் அழிய ஒரு நொடி ஆயிற்று.

பத்து மணிக்கு சித்தப்பா வந்தார். தொந்தியும், எல்லாச் சண்டையிலும் நடுவில் புகுந்து சமாதானம் பேசுகிற குணமும் இருந்ததால் அந்தப் புரோகிராமருக்கு அந்தப் பெயர். பதினோரு வரியை எழுதியவர் அவர்தான். திரையை ஒருமுறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன்.”

“எல்லாருக்கும் வேலை போகும்மா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க.”

“அன்னிக்கு நூத்திப் பன்னெண்டு படிச்சேன், சித்தப்பா. நீங்க எனக்கு நேர் எதிர்லதான் உக்காந்திருந்தீங்க.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விசைப்பலகை அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பழைய வரிகளைத் திரும்பப் போட அவருக்கும் ஒரு நொடி போதும். அவள் தடுப்பதாக இல்லை. மூன்று வருடம் தெரிந்தவரைத் தள்ளிவிட அவளுக்குக் கை வராது என்று அவருக்கும் தெரியும். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு எழுந்து, வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். அவர் சிகரெட் விட்டு ஆறு வருடமாகிறது.

மதியம் மூன்று மணிக்கு விளக்குகள் மங்கின. முதலாளி புதுச் சட்டையில், காதோரம் மைக்கோடு, துள்ளி வந்து நின்றார். நிஜம் என்ற சொல்லை ஐந்து நிமிடத்தில் பதினான்கு தடவை சொன்னார். பிறகு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு, மாளிகையின் முதல் வாசலுக்கு அவருடைய வீரனை அலட்சியமாக நடத்திப் போனார். காவலன் ஈட்டியோடு நின்றிருந்தான். சாதாரணக் காவலன்தான், வயதானவன், துருப்பிடித்த மார்புக் கவசம். தராசு நாலு மாதம் உட்கார்ந்து இழைத்த ஆள். முதலாளி பழக்கதோஷத்தில் நேரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் வாளை ஓங்கினார், பேச்சை நிறுத்தாமலே. ஈட்டி காத்திருக்கவில்லை. தொண்டையில் இறங்கியது. திரை கறுத்தது.

அரங்கம் கலகலவென்று சிரித்தது. அவரும் சிரித்தார். பேசிக்கொண்டே ஆடினால் இப்படித்தான் என்றார். இரண்டாவது முறை தொடையில் வாங்கினார். வீரன் ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு மூன்றடி போய் விழுந்தான். மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது சாவில் சிரிப்பு வேறு மாதிரி ஆயிற்று. பின்வரிசையில் யாரோ உரக்க எண்ண ஆரம்பித்தார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆறு. ஏழு. முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். தராசு மேடையின் ஓரத் திரைச்சீலையை ஒட்டி நின்றுகொண்டு ஒவ்வொன்றையும் நிதானமாக வாங்கிக்கொண்டாள். அவர் கழுத்து சிவந்தது. புதுச் சட்டை முதுகில் ஒட்டியது. இரக்கம் வருமோ என்று பயந்திருந்தாள். வரவில்லை. வெயிலில் நடந்து வந்தவள் குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்த மாதிரி இருந்தது. ஒன்பது என்றது அரங்கம். அவளும் உதட்டுக்குள் ஒன்பது என்றாள்.

பதினோராவது முறை திரை கறுத்தபோது அவர் மைக்கை அணைத்துவிட்டு ஓரத்துக்கு வந்தார். அரங்கத்துக்கு முதுகு காட்டி நின்றார். கன்ட்ரோலரைச் சுவரில் அடிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். சுவர் பத்தடி தள்ளி இருந்தது.

“இது வேற கேம்” என்றார். “போன வாரம்கூட ஆடினேன். அவன் இப்படி இல்ல. என்ன பண்ணி வச்சிருக்க?”

“நான் அவனை ஒண்ணும் பண்ணல சார். இவன்தான் எப்பவும் இருக்கிறவன். உங்களுக்கு மட்டும்தான் இத்தனை நாள் வேற ஆளை நிறுத்தி வச்சிருந்தோம்.”

“யாரு?”

“எல்லாரும்.”

அவர் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார். வயர்களுக்கு நடுவே சித்தப்பா நின்றிருந்தார், கேமுக்குப் படம் வரைகிறவள் நின்றிருந்தாள், இன்னும் ஏழெட்டுப் பேர். ‘இல்லை’ என்று ஒருவரும் தலையாட்டவில்லை. அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இத்தனை வருடத்தில் தான் வென்ற ஒவ்வொரு சண்டையும் அவர் கண்ணுக்குள் திரும்ப ஓடுவதை அவளால் பார்க்க முடிந்தது. அதற்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். இனி அவர் கத்த வேண்டும். அல்லது ஓட வேண்டும். இரண்டில் எது என்றாலும் அவளுக்குச் சம்மதம்.

அவர் இரண்டும் செய்யவில்லை. வியர்த்த உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மேடை நடுவுக்குத் திரும்பினார். மைக்கைப் போடவில்லை. மறுபடியும் ஆரம்பித்தார். இந்த முறை வீரன் வாசலுக்குப் போகவில்லை. ஈட்டி எட்டாத தூரத்தில் நின்றான். சும்மா நின்றான். அரங்கத்தின் எண்ணிக்கை தயங்கி நின்றது. முதலாளி கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, காவலனைப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பார்த்தார். காவலனின் இடது முழங்கால் லேசாக மடங்குவதை, அந்தப் பக்கம் திரும்ப அவன் அரைக்கணம் அதிகம் எடுத்துக்கொள்வதை. எட்டு முறை எல்லாவற்றையும் கூட்டியபோதும் அந்த முழங்காலில் மட்டும் அவள் கை வைக்கவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு அதுதான் வழி. இருநூறு பேரில் ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

வீரன் மெல்ல இடது பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தான்.

தராசின் பின்னாலிருந்து யாரோ மூச்சை இழுத்தார்கள். அப்படித்தான், அப்படித்தான் என்று சித்தப்பா முணுமுணுத்தார். முன்வரிசை முன்னால் சாய்ந்தது. தராசு திரைச்சீலையைக் கையில் சுருட்டிப் பிடித்தாள். அவள் செய்த முழங்கால் அது. அவள் திறந்து வைத்த வழி. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் வர வேண்டும் என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள். இந்த ஆள் வருவான் என்று நினைக்கவில்லை.

வாள் உயர்ந்தது. காவலன் கெட்ட காலை ஊன்றித் திரும்பினான். தராசு அவனைப் பார்த்துக் குத்து என்று வாய்க்குள் சொன்னாள், குத்துடா என்றாள், பெற்ற பிள்ளையிடம் சொல்வதுபோல. துருப்பிடித்த ஈட்டி முனை மேடை வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.